கத்தி எடுக்காத சகோதரர்கள்

கடலும் கரையும்: வளைகுடா வரலாற்றுத் தொடர் – 17

1939 மார்ச் 29. துபாய் க்ரீக்கின் வடகரையில், தேராவில் கல்யாணம். மாப்பிள்ளை ஷேக் ராஷித், துபாயை ஆண்ட ஷேக் சயீதின் மூத்த மகன். மணப்பெண் ஷேக்கா லத்தீஃபா, அபுதாபியை ஒரு காலத்தில் ஆண்ட ஷேக் ஹம்தானின் மகள். பாலைவனத்துப் பெதூயின் குடிகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கினார்கள். அழைப்பு கல்யாணத்துக்குத்தான். ஆனால் வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. மாப்பிள்ளை வீட்டாராக நுழைந்தவர்கள் தேராவின் மாடிகளையும் சந்துகளையும் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு தேராவில் நடந்துவந்த எதிர் ஆட்சி முடிந்தது.

அந்த எதிர் ஆட்சியை நடத்தியவர்கள் அந்நியர்கள் அல்லர். ஷேக் சயீதின் சொந்தப் பங்காளிகள். தென்கரையான பர் துபாயில் ஆட்சியாளரும் அவருடைய ஆட்களும், வடகரையில் சிற்றப்பா பெரியப்பா பிள்ளைகளும், நடுவில் அப்ரா படகுகள் போய்வரும் க்ரீக்கும். ஒரே குடும்பம் ஒரு நீரோட்டத்தின் இரு கரையிலும் துப்பாக்கியோடு நின்றது.

வளைகுடாவின் கதையை எண்ணெய்யின் கதையாகவே நாம் கேட்டிருக்கிறோம். எண்ணெய் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தக் கரையின் விதியை எழுதியவை பங்காளிச் சண்டைகளும், சம்பந்தங்களும், ஒரு தாய் தன் பிள்ளைகளிடம் வாங்கிய சத்தியமும். இந்த வாரம் அந்தக் குடும்பங்களின் கதை.

கொலையிலிருந்து தப்பி வந்தவர்கள்

1833-ஆம் ஆண்டு. அபுதாபியில் பனீ யாஸ் குடிகளின் தலைவராக இருந்த ஷேக் தஹ்னூனை அவருடைய சகோதரர் கலீஃபா கொன்று ஆட்சியைப் பிடித்தார். அந்தக் கொலையை ஏற்க முடியாத ஒரு பிரிவினர், அல் பூ ஃபலாசா என்ற கிளையினர், மூட்டை கட்டினார்கள். சுமார் 800 பேர் கடற்கரையோரமாக வடக்கே வந்து துபாயில் குடியேறினார்கள். தலைமை தாங்கியவர்கள் இருவர்: உபைத் பின் சயீத், மக்தூம் பின் பூத்தி. உபைத் 1836-இல் இறந்தார். மக்தூம் 1852 வரை ஆண்டார். இன்றும் துபாயை ஆள்வது அவருடைய வம்சம்தான்.

அவர்கள் வந்தபோதே பர் துபாயில் அல் ஃபஹீதி கோட்டை நின்றிருந்தது. 1787-இல் கட்டப்பட்டதாகக் கருதப்படும் அந்தக் கோட்டைதான் ஊரிலேயே பழைய கட்டடம். 1971-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மீனா பஜாரில் சேலை எடுக்கவும் நகை பார்க்கவும் போகும் தமிழர்கள் அதன் மண் நிறச் சுவரைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். அங்கிருந்து க்ரீக்கின் முகத்துவாரம் நோக்கி நடந்தால் ஷிந்தகா. அங்கே 1896-இல் கட்டிய, ஷேக் சயீத் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனைக் கொன்றிராவிட்டால் இந்த வீடும் இல்லை, இந்த வம்சமும் இங்கே இல்லை.

நான்கு அண்ணன் தம்பிகள்

துபாய்க்காரர்கள் விட்டு வந்த அபுதாபியில் ரத்தம் காயவில்லை. கொலை செய்து ஆட்சிக்கு வந்த கலீஃபாவும் 1845-இல் கொலையுண்டார். அவருடைய மகன் முதலாம் ஜாயித் 1855-இல் தலைமை ஏற்று 1909 வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள், வளைகுடாக் கரையே மதிக்கும்படி ஆண்டார். அவர் கண் மூடியதும் பிள்ளைகளுக்குள் கதை மறுபடி ஆரம்பித்தது.

தஹ்னூன் 1912 வரை ஆண்டு இயற்கையாக இறந்தார். அடுத்து ஹம்தான். 1922-இல் அவரைத் தம்பி சுல்தான் கொன்றார். 1926-இல் சுல்தானை இன்னொரு சகோதரர் சக்ர் கொன்றார். 1928-இல் சக்ரும் கொல்லப்பட்டார். ஆறு ஆண்டுகளில் மூன்று ஆட்சியாளர்கள், மூவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள்.

கொலையுண்ட ஹம்தானின் மகள்தான் பின்னாளில் தேராவில் மணக்கோலம் பூண்ட லத்தீஃபா. ஹம்தானைக் கொன்று ஆட்சியேறி, தானும் கொலையுண்ட சுல்தானின் மனைவி ஷேக்கா சலாமா பிந்த் பூத்தி. சலாமாவுக்கு நான்கு ஆண் பிள்ளைகள்: ஷக்பூத், ஹஸ்ஸா, காலித், ஜாயித். கடைக்குட்டி ஜாயித் தகப்பனை இழந்தபோது எட்டு வயதை ஒட்டிய சிறுவன்.

1928-இல் ஷக்பூத் ஆட்சிக்கு வந்தார். கணவனையும் கொழுந்தன்மாரையும் ஒருவர் பின் ஒருவராகக் கத்திக்குக் கொடுத்த குடும்பத்தில் சலாமா ஒரு முடிவெடுத்தார். நான்கு பிள்ளைகளையும் அழைத்து, ஒருவர் மேல் ஒருவர் ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். அமீரகத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் இந்தச் சத்தியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எந்தப் பிரிட்டிஷ் ஒப்பந்தமும் அந்த வீட்டில் சாதிக்காத அமைதியை அது சாதித்தது. அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உம் ராஷித்

இனி மறுபடி துபாய். 1930-களில் ஊர் பசித்திருந்தது. வளைகுடாவின் சோறு முத்துக்குளிப்பு. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தமும், சந்தைக்கு வந்துவிட்ட ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அதைச் சாய்த்தன. படகு உரிமையாளர்கள் கடனாளிகளானார்கள். அந்த நேரத்தில் ஷேக் சயீதுக்கு மட்டும் புது வருமானம் வந்தது. 1937-இல் எண்ணெய் தேடும் உரிமைக்கு ஒப்பந்தம் போட்டார். க்ரீக்கில் கடல் விமானங்கள் இறங்கின. அந்தப் பணம் பங்காளிகளுக்குப் பிரிந்து வரவில்லை.

கோபம் கொண்ட பங்காளிகளும் வணிகர்களும் 1938 அக்டோபரில் 15 பேர் கொண்ட மஜ்லிஸ் ஒன்றை ஏற்கும்படி ஷேக் சயீதை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். வருமானம் மஜ்லிஸின் வழியாகச் செலவாகும், ஆட்சியாளருக்கு எட்டில் ஒரு பங்கு. இவர்களை வெறும் கலகக்காரர்கள் என்று தள்ளிவிடுவது அநியாயம். பள்ளிகளைத் திறந்தார்கள். துறைமுகத்தையும் சுங்கத்தையும் ஒழுங்குபடுத்தத் திட்டம் போட்டார்கள். அவர்கள் தாளில் எழுதியவற்றில் பலவற்றைப் பின்னாளில் ஷேக் ராஷித்தே செய்துமுடித்தார்.

இந்த ஐந்து மாதங்களில் ஷேக் சயீதின் வீட்டில் தளராமல் நின்றவர் அவருடைய மனைவி ஷேக்கா ஹெஸ்ஸா பிந்த் அல் முர். ஊர் அவரை 'உம் ராஷித்', ராஷிதின் தாய், என்று அழைத்தது. சொந்தமாக வணிகம் செய்தவர். தனக்கென்று மஜ்லிஸ் வைத்திருந்தவர். ஆண்கள் அங்கே வந்து உட்கார்ந்து பேசினார்கள், ஆலோசனை கேட்டார்கள். கணவரின் சபையைவிட அவருடைய சபைக்கே கூட்டம் அதிகம் என்று அந்தக் காலத்தில் பேச்சு. கணவர் மென்மையானவர், மனைவி உறுதியானவர். மகன் இருவரிடமும் கற்றுக்கொண்டான்.

அடுத்துத்தான் அந்தக் கல்யாணம். மஜ்லிஸ் கலைந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான மானி பின் ராஷித் ஷார்ஜாவுக்குத் தப்பினார். அப்படித் தப்பியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததால் 1940-இல் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் சண்டை மூண்டது. ஒரு குடும்பத்தின் விரிசல் இரண்டு ஊர்களின் போராக வளர்ந்தது.

இதில் லத்தீஃபா என்ன நினைத்தார்? தன் கல்யாண நாள் போர்க்களமானதை எப்படித் தாங்கினார்? பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒப்பந்தங்களையும் தோட்டாக்களையும் எண்ணி எழுதினார்கள். மணப்பெண்ணின் மனத்தை எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

கீஷ் தீவும் காயலும்

சகோதரர்கள் சேர்ந்து நின்றால் என்ன, பிரிந்தால் என்ன என்பதற்கு நம் ஊரும் இந்தக் கடலும் சேர்ந்தே ஒரு சாட்சி வைத்திருக்கின்றன.

13-ஆம் நூற்றாண்டின் இறுதி. இதே வளைகுடாவின் பாரசீகக் கரையோரம் கீஷ் என்ற தீவு. அதன் அதிபர் ஜமாலுத்தீன், பெரும் குதிரை வணிகர். அவருடைய தம்பி தக்கியுத்தீன் நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், காயல் துறைமுகத்தில், பாண்டியன் குலசேகரனின் அமைச்சராக உட்கார்ந்திருந்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதை விவரமாக எழுதியிருக்கிறார். ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரைகள் மட்டும் ஆண்டுக்கு 1,400. ஒரு குதிரைக்கு விலை 220 தினார் பொன். அண்ணன் வளைகுடாவில் ஏற்றி அனுப்ப, தம்பி தமிழகத்தில் இறக்கி விற்றார். தக்கியுத்தீனுக்குப் பின் அவருடைய மகனும் பேரனும் அதே பொறுப்பில் இருந்தார்கள். இடையில் கடல் இருந்தும் அந்தச் சகோதரர்களின் கணக்கு தவறவில்லை.

அந்தக் குதிரைகளை வாங்கிய பாண்டியன் வீட்டில் நடந்ததையும் வஸ்ஸாஃபே சொல்கிறார். குலசேகரனுக்குப் பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியன். இன்னொருத்தியின் மகன் வீர பாண்டியன். தகப்பன் வீரனையே வாரிசாக்க விரும்பினான். மனம் கொதித்த சுந்தரன் 1310-இல் தகப்பனைக் கொன்றான். சகோதரர்கள் படை திரட்டி மோதினார்கள். 1311-இல் மாலிக் கபூரின் படை மதுரையில் நின்றது. குதிரைக்குக் கொட்டிய பொன் எதுவும் மதுரையைக் காக்கவில்லை.

கல்வெட்டு சொல்லாததைக் கல்கி சொன்னார்

வரலாறு விட்டுவிடும் உறவுகளைத்தான் நாவல் எடுத்துக்கொள்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் என்று அது பெயர் சொல்கிறது. அவர்களும் உடன்பிறந்தார். கல்வெட்டின் நோக்கமே அவர்களுடைய உறவினர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்வதுதான். கொன்றவனின் தாயும் மாமனும் பிள்ளையும் பெண்கொடுத்தவனும் நிலத்தை இழந்தார்கள். அக்காலச் சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்தது தனிமனிதன் அல்ல, குடும்பம்.

ஏன் கொன்றார்கள் என்று அந்தக் கல் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதிய கல்கி அந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். பிறப்பு தெரியாமல் வளர்ந்து, காதலை இழந்து, வஞ்சினம் கொண்ட நந்தினி. அவள் கற்பனை. ஆனால் அரசியல் கொலையின் அடியில் ஒரு வீட்டுக் காயம் இருக்கும் என்ற அவருடைய ஊகம், மேலே சொன்ன அபுதாபிக் கதையைப் படித்த பின் கற்பனையாகத் தோன்றவில்லை.

கல்கிக்கு வரலாறே கொடுத்த இன்னொரு உறவு அண்ணன் தம்பிப் பகையின் மறுபக்கம். சிற்றப்பன் மதுராந்தகனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985-இல்தான் அவர் ராஜராஜனாக அரியணை ஏறினார். காத்திருந்த அந்த ஆண்டுகள் சோழ நாட்டை ஒரு வாரிசுப் போரிலிருந்து காத்தன. அதற்கும் முன்னால், அண்ணன் செங்குட்டுவன் ஆளவேண்டும் என்பதற்காக இளங்கோ துறவு பூண்ட கதையைச் சிலப்பதிகார மரபு நமக்குக் கொடுத்திருக்கிறது. அரியணையை விட்டுக்கொடுத்த தம்பியைத் தமிழ் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடுவது சும்மா அல்ல. பிடித்தவர்களால் அழிந்த நாடுகளை அது பார்த்திருக்கிறது.

சத்தியம் காத்த இருபது ஆண்டுகள்

சலாமாவின் கடைசி மகன் ஜாயித் 1946 முதல் அண்ணனின் பிரதிநிதியாக அல் ஐன் பகுதியை நிர்வகித்தார். நீர்க்கால்வாய்களைச் சீர்படுத்தினார், குடிகளின் வழக்கைத் தீர்த்தார். அபுதாபியில் 1958-இல் எண்ணெய் கிடைத்தது. 1962-இல் ஏற்றுமதி தொடங்கியது. பணம் வந்தது, அண்ணன் ஷக்பூத் செலவு செய்யத் தயங்கினார். ஊரார் பொறுமை இழந்தார்கள். முந்தைய தலைமுறையாக இருந்திருந்தால் இதைத் துப்பாக்கி தீர்த்திருக்கும்.

1966 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, குடும்பத்தார் ஒப்புதலோடும் பிரிட்டிஷ் துணையோடும் ஷக்பூத் பதவியிலிருந்து இறக்கப்பட்டு ஜாயித் ஆட்சியேற்றார். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. ஷக்பூத் சில காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். தம்பி ஆண்ட மண்ணில், அல் ஐனில், 1989-இல் இயற்கையாகக் கண் மூடும்வரை வாழ்ந்தார். பதவி இழந்த அண்ணன் தம்பியின் ஆட்சியில் நிம்மதியாக முதுமை அடைந்தது அந்தக் குடும்பத்துக்குப் புதிது.

துபாயில் ராஷித் 1958-இல் ஆட்சியாளரானார். அவரும் உறவைக் கொண்டே கட்டினார். மகள் மரியமை மணந்தவர் கத்தார் ஆட்சியாளர் ஷேக் அஹமது பின் அலி. பர் துபாயையும் தேராவையும் முதன்முதலாக இணைத்த மக்தூம் பாலம் 1963-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பண உதவி மருமகனிடமிருந்து வந்தது. 1966-இல் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட, அதோடு பிணைந்திருந்த வளைகுடா ரூபாயும் விழுந்தது. உடனே கத்தாரும் துபாயும் சேர்ந்து பொது ரியால் வெளியிட்டன. 1973-இல் திர்ஹம் வரும்வரை பர் துபாய்க் கடைகளில் புழங்கியது மாமனார் மருமகன் நாணயம்தான். அந்த மருமகனை 1972-இல் அவருடைய பங்காளி பதவியிறக்கியபோது அவருக்கு அடைக்கலம் தந்ததும் மாமனார் ஊரே.

சம்பந்தம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அபுதாபிப் பெண் லத்தீஃபா துபாய் மருமகளாக இருக்கும்போதே, 1945 முதல் 1948 வரை இரண்டு ஊர்களும் எல்லைக்காகச் சண்டையிட்டன. உறவு கதவைத் திறந்து வைக்கும். உள்ளே போவதற்கு மனிதர்கள் மனது வைக்க வேண்டும்.

1968-இல் மனது வைத்தார்கள். வளைகுடாவை விட்டு 1971 முடிவுக்குள் வெளியேறுவதாக ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. பிப்ரவரி 18-ஆம் தேதி ஜாயிதும் ராஷிதும் இரு எல்லைக்கும் நடுவே பாலைவனத்தில் கூடாரத்தில் சந்தித்து, ஒன்றியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஹம்தானைக் கொன்ற சுல்தானின் மகன். மற்றவர் கொலையுண்ட ஹம்தானின் மருமகன்.

1971 டிசம்பர் 2-இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. ஜாயித் குடியரசுத் தலைவர், ராஷித் துணைத் தலைவர். முதல் அமைச்சரவையில் பிரதமர் மக்தூம், நிதி அமைச்சர் ஹம்தான், பாதுகாப்பு அமைச்சர் முகமது. மூவரும் லத்தீஃபாவின் பிள்ளைகள். நிதி அமைச்சர் தாங்கியது கொலையுண்ட தாய்வழித் தாத்தாவின் பெயர். தாத்தாவைக் கொன்றவரின் மகனுக்குக் கீழே பேரப்பிள்ளைகள் அமைச்சர்கள். எந்த நாவலாசிரியரும் இப்படி முடிக்கத் துணிந்திருக்க மாட்டார். லத்தீஃபா 1983-இல் மறைந்தார். ஹம்தான் பின் ராஷித் 2021-இல் தாம் இறக்கும்வரை நிதி அமைச்சராகவே இருந்தார்.

நம் வீட்டுக் கணக்கு

எண்ணெய் அமீரகத்துக்குப் பணம் கொடுத்தது. பணம் வந்த நாளில் அண்ணன் தம்பி கத்தி எடுக்காமல் இருந்ததுதான் அந்தப் பணத்தை நாடாக்கியது. அதற்கு வித்திட்டவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத ஒரு தாய். இது என் தீர்ப்பு.

பர் துபாயில் வாழும் தமிழனுக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்ததும் உறவைப் பிடித்துத்தான். மாமா விசா எடுத்தார். மச்சான் தன் பெட் ஸ்பேஸில் முதல் மாதம் படுக்க இடம் கொடுத்தார். ஒன்றுவிட்ட அண்ணன் முதலாளியிடம் கூட்டிப்போய் நிறுத்தினார். அதே உறவுகள்தான் ஊரில் இந்தப் பணத்தில் வாங்கிய மனைக்காகவும் கட்டிய வீட்டுக்காகவும் இன்று நீதிமன்றப் படியில் நிற்கின்றன. அனுப்பியவன் கணக்கு ஒன்று, வாங்கியவன் கணக்கு ஒன்று. இருவரும் பெற்றவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அண்ணனோடு, தம்பியோடு உட்கார்ந்து கணக்கைப் பேசித் தீர்த்துவிடுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள். சத்தியம் வாங்க ஒரு சலாமா இருக்கும் வீடு கொடுத்துவைத்த வீடு.

அடுத்த வாரம்: 1973-இல் துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கிய பி.எஸ். அப்துர் ரஹ்மானும், அந்த வாசல் வழியாக வந்த கீழக்கரைச் சபுராளிகளும்.

(தொடரும்)